கலண்டரின் பின்பக்கம்

எண்ணுவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. கடையிலோ பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ யாராவது விரலை மடித்து எண்ணத் தொடங்கினால், அவர் மூன்றாவது விரலுக்கு வருமுன் நான் விடையைச் சொல்லிவிடுவேன். கணக்குப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனதே அந்தத் திமிரில்தான். எண்ணுவது வேறு, கணக்கு வேறு என்பதை அங்கே முதல் வருடத்திலேயே விளங்கிக்கொண்டேன். விளங்கியும் திமிர் குறையவில்லை.

இலங்கையில் எங்கள் பல்கலைக்கழகங்களில் குப்பி என்றொரு வழக்கம் உண்டு. விரிவுரை இங்கிலீஷில் நடக்கும். பாதிப்பேர் எழுதி மட்டும் எடுப்போம். பிறகு விளங்கிய ஒருத்தி மரத்தடியிலோ ஆளில்லாத வகுப்பிலோ இருந்து மற்றவர்களுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொடுப்பாள். அதுதான் குப்பி. எங்கள் வகுப்பில் குப்பி கொடுத்தவள் என் கூட்டாளி. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு நாலு ஒழுங்கை, அதாவது நாலு சந்து, தள்ளி அவளுடைய வீடு. சத்தமாகக் கதைக்கமாட்டாள். கரும்பலகையில் ஒன்றை எழுதிவிட்டு, நாங்கள் அதைப் பார்த்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான் முதல் வரிசை வாங்கில் இருந்துகொண்டு, அவள் கேள்வியை முடிக்குமுன்னே தப்பான விடையைச் சொல்லுவேன்.

முதல் வருட முடிவில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார். மாவடிப்பள்ளிப் பக்கம் அவருக்கு வயல். எங்களுடைய பஸ்ஸும் காரைதீவுச் சந்தியில் திரும்பி அந்த வயலைக் கடந்துதான் பல்கலைக்கழகத்துக்குப் போகும். காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பஸ்ஸேற்றிவிட்டு அவர் வயலுக்குப் போவார். அரைவாசி வழியில் பஸ்ஸை முந்திக்கொண்டு போகும்போது கையைக் காட்டுவார். பெண் பிள்ளைகள் நாங்கள் கேலி பண்ணுவோம். அவளுக்குக் காது சிவந்துவிடும்.

ஒருநாள் அவர் அவளுடைய கொப்பியைத் திறந்து பார்த்தாராம். இலக்கங்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்கி, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, பக்கம் பக்கமாகத் தாயங்கள், இங்கிலீஷில் மேட்ரிக்ஸ். "இதென்ன, வரம்பு கட்டி இலக்கத்த நட்டு வெச்சிரிக்காய்?" என்று கேட்டாராம். அடுத்த நாள் குப்பியில் அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் தாயத்துக்குப் பெயர் வயல் என்றாகிவிட்டது.

இரண்டாம் வருடம் லீனியர் அல்ஜீப்ரா தனிப்பாடமாக வந்தது. சிறப்புப் பட்டத்துக்குக் கணிதத்தில் ஒரு சிலரைத்தான் எடுப்பார்கள். அதற்கு இந்தப் பாடத்தில் நல்ல புள்ளி வேண்டும். அவளுக்கு அதுதான் ஆசை. வேறொன்றையும் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. "ஸ்பெஷல் கிடைச்சா மறுகா என்னையப் புடிக்க ஏலாது," என்று ஒருமுறை சொன்னாள். அவருக்கும் அது தெரியும்.

விதைப்புத் தொடங்கிய மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, வயலுக்குப் போகும் வழியில் லொறியொன்று அவருடைய மோட்டார் சைக்கிளில் மோதியது. ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே அவர் இறந்துவிட்டதாக வீட்டுக்குச் செய்தி வந்தது. முதல் நாள் மாலைதான் பிறை கண்டிருந்தது. நோன்புப் பிறையோ ஹஜ்ஜுப் பிறையோ அல்ல, யாரும் கடற்கரைக்குப் போய்ப் பார்க்காத ஏதோ ஒரு மாதத்துப் பிறை. அதனால் அந்த விஷயம் ஒருவர் மனதிலும் தங்கவில்லை. வெள்ளிக்கிழமை மௌத்து என்பதை மட்டும் எல்லோரும் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் இத்தா இருந்தாள். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்கம். அறை வாசலுக்குத் திரை போட்டார்கள். வெள்ளை உடுத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள். வாயாடியான என்னை முந்திக்கொண்டு அவள்தான் முதலில் கதைத்தாள்.

"விரிவுர எதுவரைக்கும் போயிட்டு?"

அன்றிலிருந்து திங்களும் வியாழனும் கெம்பஸ் விட்டு நேரே அவளிடம் போவேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது. முழங்கால்வரை தண்ணீரில் ஒழுங்கையைக் கடந்து, கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போன நாட்களும் உண்டு. அறையில் பலகை இல்லை. சுவரில் பெரிய கலண்டர் ஒன்று தொங்கியது, மாதத்துக்கு ஒரு தாளாக. முடிந்த மாதத்தைக் கிழித்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி, அதில் வயல்களைக் கட்டினோம். நிரையிலிருந்து நிரையைக் கழித்து, கீழே பூச்சியங்களைக் கொண்டுவந்து, சமன்பாடுகளைத் தீர்த்தோம். நான்தான் குப்பி கொடுக்கிறேன் என்று பெயர். உண்மையில் நான் விரிவுரையை ஒப்புவிப்பேன், அவள் எனக்கு விளங்கப்படுத்துவாள். சில நாள் நடுவில் அழுவாள். பேனையைக் கையில் வைத்துக்கொண்டே அழுவாள். நான் மூக்குத் துடைக்கத் துணியைக் கொடுத்துவிட்டு, கழித்தல் சரியா என்று பார்ப்பதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பேன்.

மூன்றாம் மாதத்தில் பேசிஸ் மாற்றுவது என்ற பகுதி வந்தது. ஒரே காவிதான், அதாவது வெக்டர்தான், ஆனால் அதை அளக்கும் குச்சிகளை மாற்றினால் அதற்குரிய இலக்கங்களும் மாறிவிடும் என்பது விரிவுரை. எனக்கு ஏறவேயில்லை. காவி மாறவில்லையென்றால் இலக்கம் ஏன் மாற வேண்டும் என்று அவளிடம் போய்க் கோபப்பட்டேன். விரிவுரையாளரையும் இரண்டு வார்த்தை ஏசினேன்.

"ஜும்ஆப் பள்ளியிலரிந்து எங்கட வீட்டுக்கு எப்பிடி வருவாய்?" என்று கேட்டாள்.

"றோட்டோட தெற்கால மூண்டு ஒழுங்க, மறுகா கடலுக்கு ரெண்டு ஒழுங்க."

"மூண்டும் ரெண்டும். இப்ப மூல வெட்டி வாற ஒழுங்க இரிக்கே. ஒருக்கா மூல வெட்டினா தெற்கால ஒண்டு, கடலுக்கு ஒண்டு வந்திரும். அதால ரெண்டு தரம் மூல வெட்டி, மறுகா தெற்கால ஒண்டு நடந்தா?"

"ஒங்கட வீடுதான்."

"ரெண்டும் ஒண்டும். வீடு எழும்பி நடந்ததா? இல்லதானே. இலக்கத்தச் சொல்ல முந்தி, எதால அளந்த எண்டு கேக்கணும் புள்ள. அத மட்டும் கேட்டாப் போதும்."

அவ்வளவுதான் அந்தப் பகுதி. பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் போனதை ஒழுங்கை ஒழுங்கையாக நடத்திக் காட்டிவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் பழைய குப்பிக்காரி கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். கொப்பியை மூடிவிட்டு, "அவருக்கும் இத இப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருப்பன்," என்றாள்.

அந்தக் கிழமையே பரீட்சை நேரசூசி வந்தது. லீனியர் அல்ஜீப்ரா மட்டும் முன்னுக்கு நின்றது, ஒரு புதன்கிழமை. மற்றப் பாடங்களெல்லாம் அதற்கடுத்த கிழமை. நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் மண்டபத்தில் இருந்தார்கள், அவள் திரைக்கு அந்தப் பக்கம்.

"இத்தா எப்ப முடியும் எண்டு எண்ணிப் பாருங்க மகள், சோதினைக்கு முந்தி வருமா எண்டு," என்றார் உம்மா என்னைப் பார்த்து.

எண்ணச் சொன்னால் எனக்கு வேறென்ன வேண்டும். போனை எடுத்தேன். மௌத்தான திகதியிலிருந்து நாலு மாதம் தள்ளினேன், பத்து நாளைக் கூட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளியில் மௌத்து, வெள்ளியில் முடிவு. பார்க்கவே அது சரியான விடைபோல இருந்தது.

"சோதின புதன். இத்தா முடியிற வெள்ளி," என்றேன். "ரெண்டு நாளால தப்பிட்டு."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"எப்பிடி எண்ணினாய் புள்ள?"

"போன்ல கலண்டர் இரிக்கி. எனக்கு எண்ணவுமா தெரியா?"

அந்தக் குரல் இன்னமும் எனக்குக் கேட்கிறது. என்னுடைய குரல்தான். அந்த வருத்தத்தில் எரிச்சலும் வந்துவிட்டது, நேரசூசி மேல், லொறி மேல், யார் மேல் என்றில்லாமல். அது அவள்மேல் போய் விழுந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வழி தேடினோம். தேவைக்கு வெளியே போகலாம், பள்ளியில் கேட்டால் அனுமதி சொல்லுவார்கள் என்றார் ஒரு உறவுக்காரர். கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் கூடும். அவள் சம்மதிக்கவில்லை. "இது அவருக்காக இருக்கிற. ரெண்டு நாளுக்காக முறிக்க மாட்டன்," என்றாள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் பரீட்சையை அடுத்த முறை முதல் தடவையாகவே எழுதலாம் என்று விசாரித்து வந்தேன். "நான் சுகமாத்தானே இரிக்கன். பொய்க் கடதாசி வேணாம்," என்றாள். அது இல்லாமல் பரீட்சையைத் தவறவிட்டால் அடுத்த வருடம் ரிப்பீட்தான். ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் வெறும் பாஸ் என்ற சாதாரண சித்திக்கு மேல் போடமாட்டார்கள். சிறப்புப் பட்டம் அதோடு சரி. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அவள் இருந்தாள். கடைசிக் கிழமைகளில் எனக்குப் பாடம் சொல்லித்தந்ததை மட்டும் அவள் நிறுத்தவில்லை. எழுதப் போகாத பரீட்சைக்கு என்னைத் தயார்படுத்தினாள்.

புதன்கிழமை எழுதினேன். பேசிஸ் மாற்றும் கேள்வி வந்தது. பள்ளியிலிருந்து அவள் வீட்டுக்கு நடந்து நடந்தே அதைச் செய்து முடித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருடைய வயல் விளைந்து மஞ்சளாக நின்றது. வேறு யாரோ அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வினாத்தாளை எடுத்துக்கொண்டு போனேன். காலையிலேயே அவளைக் குளிக்க வார்த்து, நிறப் புடைவை உடுத்தியிருந்தார்கள். ஜும்ஆ முடிந்து துஆ ஓத மௌலவி வந்து மண்டபத்தில் வாப்பாவோடு இருந்தார். நாங்கள் இருவரும் அறைக்குள் இருந்தோம். திரை அப்படியே இருந்தது. மௌலவி பேச்சுவாக்கில் எப்போது மௌத்து என்று கேட்டார். வாப்பா சொன்னார். மௌலவி விரலை மடித்து எண்ணிப் பார்த்தார்.

"அது பிறை ஒண்டெல்லவா? அப்ப நாலு பிறையும் பத்து நாளும் ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிரிக்குமே ஹாஜியார். இண்டைக்கு எண்டு ஆரு சொன்ன?"

"கெம்பஸ்ல கணக்குப் படிக்கிற புள்ளதான் எண்ணிச் சொன்ன," என்றார் வாப்பா.

"இங்கிலீஸ் மாசத்தால எண்ணிரிக்கிற போல. கூட இருந்ததால பிழையொண்டும் இல்ல," என்றார் மௌலவி. அவருக்குப் பரீட்சையைப் பற்றித் தெரியாது. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

இங்கிலீஷ் மாதம் முப்பது, முப்பத்தொன்று. பிறை மாதம் இருபத்தொன்பது, முப்பது. நாலு மாதத்தில் ஐந்து நாள் வித்தியாசம். நோன்பையும் பெருநாளையும் பிறையால் எண்ணுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். இத்தாவும் பிறைக் கணக்கு என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் கையில் போன் இருந்தது, நேரசூசி இங்கிலீஷ் திகதியில் இருந்தது, விரல் போன போக்கில் எண்ணிவிட்டேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். பரீட்சைக்கு மூன்று நாள் முன்பே அவளுக்கு வாசல் திறந்திருந்தது.

அவள் எழும்பினாள். சுவரில் ஒட்டியிருந்த கலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எங்களுடைய வயல்கள் எழுதியிருந்த பக்கம் கீழே போக, முன்பக்கத்தைத் திருப்பிக் கட்டிலில் பரப்பினாள். எங்கள் ஊர்க் கலண்டர் எல்லாவற்றிலும் இருப்பதுதான். ஒவ்வொரு திகதியின் மூலையிலும் சின்னதாகப் பச்சை எழுத்தில் பிறைத் திகதி. அவர் போன வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. அவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். அந்த மாதத்துத் தாள் இன்னும் சுவரில் ஆணியில் தொங்கியது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விரல் நின்றது.

மூன்று மாதமாக அந்தத் தாள்களின் முதுகில்தான் நாங்கள் கணக்குச் செய்திருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வந்தது வேறு. "ரிப்பீட் எழுதலாம்தானே," என்றேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் யாருக்கும் சொன்னதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அஞ்சு நாள் கூட இருந்திரிக்கன் அவருக்கு," என்றாள். "அதுவும் நல்லந்தான்." பிறகு கையை நீட்டினாள். "பேப்பரத் தா. என்ன வந்த எண்டு பாப்பம்."

கடைசியாகக் கழற்றிய தாளின் பின்பக்கத்தில் மிச்சம் இருந்த இடத்தில் அந்த வினாத்தாள் முழுவதையும் அவள் செய்தாள். அசர்த் தொழுகைக்கு வாங்கு சொல்லுமுன் முடித்துவிட்டாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என்னுடையதில் இரண்டு பிழை என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுடையதில் ஒன்றுமில்லை. அந்தத் தாளை யாரும் திருத்தவில்லை, புள்ளி போடவில்லை.

பெறுபேறு வந்து சிறப்புப் பட்டத்துக்கு ஆட்களை எடுத்தபோது, கடைசி ஆளாக உள்ளே போனது நான். அவள் எழுதியிருந்தால் அவள் முதலில் நின்றிருப்பாள், நான் வாசலுக்கு வெளியே நின்றிருப்பேன். இதற்குக் கணக்குத் தேவையில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், போனில் வெள்ளி என்ற விடை வந்தபோது அடியிலே எங்கேயோ ஒரு துளி சந்தோஷம் இருந்ததா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் அடுத்த கிழமைப் பரீட்சைகளுக்கு வந்தாள். பொதுப் பட்டத்தை முடித்தாள். எங்களுக்குக் கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து லீனியர் அல்ஜீப்ராவை ரிப்பீட் எழுதி, அவர்கள் கொடுக்கக்கூடிய அந்தச் சாதாரண சித்தியை வாங்கிக்கொண்டாள். இப்போது ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் ஆறாம் ஏழாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுக்கிறாள். நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். பேசிஸ் மாற்றும் பகுதி வந்தால் பள்ளியும் வீடும் மூலை வெட்டும் ஒழுங்கையும்தான் சொல்லுவேன். பிள்ளைகளின் முகம் தெளியும். மிஸ் நல்லா விளங்கப்படுத்துறா என்று பேர். அது யாருடைய ஒழுங்கை என்று நான் இதுவரை சொன்னதில்லை.

எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பிள்ளைப்பேற்று நாள், நாற்பதாம் நாள், விடுபட்ட நோன்புக் கணக்கு என்று யாராவது வந்து கேட்டால், "பள்ளியில கேளுங்க" என்று எழும்பிப் போய்விடுவேன். வீட்டில் எனக்குத் தலைக்கனம் என்கிறார்கள்.

இந்த வருடம் அவளுடைய வாப்பா மௌத்தானார். மூன்றாம் நாள் கழிந்து அவள் போன் எடுத்தாள். நான் அப்போது வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

"உம்மாட இத்தா எப்ப முடியும் எண்டு எண்ணித் தா புள்ள."

நான் வேண்டாம், மௌலவியிடம் கேள் என்றேன். "நீ எண்ணு," என்றாள். இந்தமுறை மௌத்து மாதத்தின் நடுவில், அதனால் கணக்குக் கொஞ்சம் சிக்கல். உடைந்த மாதத்தை எப்படி நிரப்புவது என்று பள்ளிக்குப் போன் எடுத்து விசாரித்தேன். பிறைக் கலண்டரை மேசையில் விரித்து, பென்சிலால் கட்டம் கட்டமாகக் குறித்து, மூன்று தரம் எண்ணினேன். மாலையில் அதே வராந்தாவிலிருந்து அவளுக்குப் போன் எடுத்து நாளைச் சொன்னேன். எதால் எண்ணினேன், எங்கே தொடங்கினேன், யாரிடம் கேட்டேன் எல்லாவற்றையும் அவள் கேட்குமுன்னே சொன்னேன்.

"ஓம்," என்றாள். "எனக்கும் அதான் வந்த."

"அப்ப நீ எண்ணிட்டாயா? மறுகா ஏன் என்னட்டக் கேட்டாய்?"

"ரெண்டு பேரு எண்ணி ஒண்டா வந்தாத்தான் மனசுக்குச் சரி," என்றாள். உம்மாவுக்குத் தேத்தண்ணி போட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

நான் வராந்தாவின் படியில் இருந்து அழுதேன். பிள்ளைகள் கடந்து போனார்கள், பார்த்தும் பாராததுபோல. அன்றைக்கும் அவள் அதைத்தான் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து, எப்படி எண்ணினாய் என்று. சரியாக எண்ணக்கூடிய ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள், கலண்டரும் அவளுடைய அறையில்தான் தொங்கியது. நான் அவளை எண்ண விடவில்லை.